பாதத்தில் புதைந்த மரச்சிலாம்பு

பாதத்தில் புதைந்த மரச்சிலாம்பு என்பது, மரத்திலிருந்து பிரிந்த கூரிய சிறு துண்டு ஒன்று உள்ளங்காலின் தோலைத் துளைத்து, அதன் கீழுள்ள மென்திசுக்களில் தங்கிவிடும் நிலையைக் குறிக்கும். சிலாம்பு என்னும் சொல் சிராம்பு எனவும் வழங்குகின்றது. வெளியிலிருந்து உடலுக்குள் புகுந்து தங்கும் பொருள்களை மருத்துவ நூல்கள் அயற்பொருள்கள் என வகைப்படுத்துகின்றன. மரச்சிலாம்பு அவற்றுள் மிகப் பரவலாகக் காணப்படும் ஒன்றாகும்.

தோலின் மேற்பகுதியில் தைத்த சிலாம்பை வீட்டிலேயே எடுத்துவிட முடியும். ஆழமாகப் புதைந்த சிலாம்பு அத்தகையதன்று. அது நுழைந்த துளை ஓரிரு நாள்களில் மூடிக்கொள்வதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. மேலும், மரம் வழமையான ஊடுகதிர்ப் படத்திலும் பெரும்பாலும் தெரிவதில்லை. எனவே, படத்தில் ஒன்றும் இல்லை என்பது காலினுள் ஒன்றும் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இதனை அறியாமையே பல சிலாம்புகள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும், கண்டறியப்படாமல் போவதற்கு முதன்மையான காரணமாகும்.

உள்ளங்காலின் அமைப்பு

மனித உடலில் தோலின் மேலடுக்கு மிகத் தடிப்பாக இருக்கும் இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும் ஆகும். உள்ளங்காலின் தோலுக்குக் கீழே கொழுப்புத் திசு உள்ளது. இக்கொழுப்பு, நார்த்தடுப்புகளால் பல சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, உடலின் எடையைத் தாங்கும் மெத்தை போலச் செயற்படுகின்றது. அதற்கும் கீழே, குதிகால் எலும்பிலிருந்து விரல்களை நோக்கிச் செல்லும் வலிமையான நார்த்தகடு ஒன்று உள்ளது. இத்தகட்டுக்கு மேற்புறமாக நான்கு அடுக்குகளில் தசைகளும், விரல்களை மடக்கும் தசைநாண்களும், நரம்புகளும், குருதிக்குழாய்களும் அமைந்துள்ளன.

இவ்வமைப்பு சிலாம்பு தொடர்பில் மூன்று விளைவுகளை ஏற்படுத்துகின்றது.

- தடித்த தோல், சிலாம்பு நுழைந்த பின்னர் மீண்டும் ஒன்றுசேர்ந்து துளையை மறைத்துவிடும்.
- ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் உடலின் எடை சிலாம்பின் மீது இறங்குவதால், அது மேலும் உட்புறமாகத் தள்ளப்படக்கூடும்.
- சிலாம்பு தைத்த நேரத்தில் விரல்கள் மடங்கியோ பாதம் வளைந்தோ இருந்திருக்கலாம். பாதம் நேராகும்போது திசு அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று நகர்வதால், தோலில் உள்ள துளைக்கு நேர் கீழே சிலாம்பு இருக்கும் என்று கொள்ள முடியாது.

காரணங்கள்

மரத்தளம், படகின் மேற்பலகை, படகுத்துறை, தச்சுப்பட்டறை, மரக்காலை, கட்டட வேலை நடைபெறும் இடம் ஆகியவற்றில் வெறுங்காலுடன் நடப்பது வழமையான காரணமாகும். மரத்தளத்தில் காலைத் தேய்த்து இழுத்து ஓடும் சிறுவர்களுக்கு நீளமான சிலாம்புகள் தைப்பதுண்டு. மெல்லிய இறப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டும் சிலாம்பு ஏறலாம். அப்போது செருப்பின் சிறு துணுக்கு ஒன்றையும் அது காலினுள் கொண்டுசெல்லக்கூடும்.

எல்லா மரங்களும் ஒரே வகையில் பிளவுபடுவதில்லை. மூங்கிலும் பனையும் நீளவாக்கில் ஊசி போலப் பிரியும் தன்மையுடையவை. பனையின் கரிய வயிர நார்கள் மிகக் கடினமானவை. ஆதலால் பனஞ்சிலாம்பு ஆழமாக ஏறக்கூடியது. நெடுநாள் வெயிலும் மழையும் பட்டு உலுத்துப்போன பலகையின் சிலாம்புகள் இதற்கு மாறானவை. அவை எளிதில் நொறுங்குவதால், வெளியே இழுக்கும்போது முறிந்து ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடுகின்றது.

உடலின் எதிர்வினை

கண்ணாடி, உலோகம் முதலியன உடலுடன் பெரிதும் வினைபுரியாத பொருள்கள். அவை வலியோ வேறு தொல்லையோ தராதபோது, சில வேளைகளில் அவற்றை எடுக்காமலே விட்டுவிட மருத்துவர்கள் முடிவு செய்வதுண்டு. மரம் இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது நுண்துளைகள் நிறைந்த கரிமப் பொருள். அத்துளைகளில் மண்ணும், பாக்டீரியாக்களும், பூஞ்சைகளும் தங்கியிருக்கும். மரத்தின் பிசினும் எண்ணெய்ப் பொருள்களும் திசுக்களை உறுத்துகின்றன. உடலின் ஈரத்தை உறிஞ்சி மரம் ஊறி மென்மையாவதால், நாள் செல்லச் செல்ல அது நார்நாராகப் பிரியவும் கூடும்.

இதனால் சிலாம்பைச் சுற்றி அழற்சி தோன்றுகின்றது. பாக்டீரியாக்கள் பெருகினால் சீழ்க்கட்டி உண்டாகும். தொற்று கடுமையாக இல்லாதபோது, உடலின் விழுங்கணுக்கள் மரத்தைச் செரிக்க முயல்கின்றன. மரத்தின் செல்லுலோசை அவற்றால் சிதைக்க முடிவதில்லை. எனவே அவை பல ஒன்றிணைந்து பேரணுக்களாகிச் சிலாம்பைச் சூழ்ந்துகொள்கின்றன. அவற்றைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து கடினமான கட்டியாகின்றது. இது அயற்பொருள் மணித்திரள் எனப்படும். இக்கட்டியைப் புற்றுக்கட்டியோ என ஐயுற்று ஆராய்ந்து, இறுதியில் உள்ளே மரத்துண்டைக் கண்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

அறிகுறிகள்

பின்வருவன உள்ளே சிலாம்பு தங்கியிருப்பதைச் சுட்டும் அறிகுறிகளாகும்.

- ஒரு குறிப்பிட்ட புள்ளியில் அழுத்தும்போது மட்டும் குத்துவது போன்ற வலி
- காலில் ஏதோ இருப்பது போன்ற உணர்வு
- சில நாள்களில் ஆறியிருக்க வேண்டிய சிறு காயம் ஆறாமல் நீடித்தல்
- தோலின் கீழ் கடினமான சிறு முடிச்சு
- மூடிய துளை மீண்டும் மீண்டும் திறந்து நீரோ சீழோ கசிதல்
- நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொள்ளும்போது குறைந்து, நிறுத்தியதும் திரும்பவும் தோன்றும் வீக்கம்

இவற்றுள் இறுதியாகக் கூறியது தனிக் கவனத்துக்கு உரியது. மருந்து குருதியின் வழியாகவே திசுக்களைச் சென்றடைகின்றது. குருதியோட்டம் அற்ற மரத்தின் நுண்துளைகளில் உள்ள பாக்டீரியாக்களை அது முழுமையாக அழிப்பதில்லை. ஆதலால் சிலாம்பு உள்ளவரை தொற்றின் ஊற்றும் உள்ளேயே இருக்கும்.

நெடுநாள் நீரிழிவு நோயினால் பாதத்தின் உணர்வு குன்றியவர்களிடம் வலி என்னும் முதல் அறிகுறியே இல்லாமற் போகலாம். இவர்களுக்கு வீக்கம், செந்நிறம், காலுறையில் காணப்படும் கறை ஆகியனவே முதலில் தெரியக்கூடும்.

கண்டறிதல்

வினவலும் நேரடி ஆய்வும்

எவ்வாறு தைத்தது, எந்தப் பொருள், எவ்வளவு நீளம் வெளியே எடுக்கப்பட்டது, எடுத்த துண்டின் முனை முழுமையாக இருந்ததா என்பன முதலில் கேட்கப்பட வேண்டியவை. எடுத்த துண்டைப் பத்திரப்படுத்தி மருத்துவரிடம் காட்டுவது பயனுடையது. முறிந்த முனையையுடைய துண்டு, மீதி உள்ளே உள்ளது என்பதைக் காட்டும். உள்ளே ஏதோ இருக்கின்றது என்று நோயாளர் கூறுவதைப் புறக்கணித்தல் கூடாது.

மழுங்கிய முனையொன்றால் உள்ளங்காலைச் சிறிது சிறிதாக அழுத்திப் பார்த்து, வலி மிகுந்த புள்ளியைக் கண்டு குறித்துக்கொள்வது எளிய முறையாகும். ஊசியால் கிண்டித் தேடுவது தவறு. அது சிலாம்பை உடைப்பதுடன், காற்றையும் உள்ளே புகுத்திப் பின்னர் செய்யப்படும் மீயொலிச் சோதனையைக் குழப்பிவிடும்.

ஊடுகதிர்ப் படம்

எக்ஸ்-ரே எனப் பொதுவழக்கில் அழைக்கப்படும் ஊடுகதிர், அடர்த்தியும் அணு எண்ணும் மிகுந்த பொருள்களால் கூடுதலாகத் தடுக்கப்படுகின்றது. எலும்பில் உள்ள கால்சியமும், இரும்பு முதலிய உலோகங்களும் படத்தில் வெண்மையாகத் தெரிவதற்கு இதுவே காரணம். மரமோ கார்பன், ஐதரசன், ஆக்சிசன் ஆகியவற்றாலானது. மென்திசுக்களும் பெரும்பாலும் இத்தனிமங்களாலேயே ஆனவை. உடலின் ஈரத்தில் ஊறிய மரம் கதிரைத் தடுக்கும் அளவு, சுற்றியுள்ள தசை தடுக்கும் அளவுக்கு மிக நெருங்கிவிடுகின்றது. இரண்டிற்கும் இடையே வேறுபாடு இல்லாததால் படத்தில் மரம் மறைந்துவிடும். ஈயம் கலந்த வண்ணம் பூசிய மரத்துண்டு சில வேளைகளில் தெரியலாம்.

1982 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கையில் அயற்பொருள் தங்கிய 200 நோயாளர்களைப் பற்றியது. இவர்களுள் 75 பேரிடம், முதலில் பார்த்த மருத்துவருக்கு அயற்பொருள் புலப்படவில்லை. மரத்துண்டுகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே ஊடுகதிர்ப் படத்தில் தெரிந்தன. இவ்வாய்வு கையைப் பற்றியதாயினும், மரம் படத்தில் தெரியாமைக்கான காரணம் பாதத்துக்கும் பொருந்தும்.

எனினும் ஊடுகதிர்ப் படம் பயனற்றதன்று. உடன் புகுந்த ஆணி, கண்ணாடி, கல் ஆகியவற்றையும், நாட்பட்ட நிலையில் எலும்பில் ஏற்பட்ட மாற்றங்களையும் அது காட்டும். ஈயம் கலந்த கண்ணாடியே படத்தில் தெரியும் என்னும் கருத்து தவறானது. போதிய அளவுள்ள கண்ணாடித் துண்டு எவ்வகையினதாயினும் பெரும்பாலும் தெரியும்.

மீயொலிச் சோதனை

மரச்சிலாம்பைக் கண்டறிவதற்கு முதலில் நாட வேண்டிய படிமமுறை மீயொலிச் சோதனையாகும். இது அல்ட்ராசவுண்டு எனவும் அறியப்படும். செவியால் கேட்க இயலாத உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி திசுக்களினுள் செலுத்தப்படுகின்றது. தன்மை வேறுபட்ட இரு பொருள்களின் எல்லையில் ஒலி எதிரொலிக்கின்றது. மரத்தின் கடினமான சுவர்களும் அதன் நுண்துளைகளில் உள்ள காற்றும் ஒலியை வலிமையாகத் திருப்பி அனுப்புவதால், சிலாம்பு ஒளிமிக்க கோடாகத் தெரியும். ஒலி அதனைக் கடந்து செல்லாததால் அதன் பின்னே கரிய நிழல் விழும். தைத்து ஒரு நாளேனும் கழிந்திருந்தால், அழற்சி நீர் சூழ்வதால் கோட்டைச் சுற்றிக் கரிய வளையம் ஒன்றும் காணப்படும்.

இச்சோதனைக்கு 7.5 மெகாஹேர்ட்சு அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்ட நேர்வரிசைத் துருவி தேவை. வயிற்றைப் பார்க்கப் பயன்படும் குறைந்த அதிர்வெண் துருவி இதற்கு ஏற்றதன்று. 1998 இல் வெளியான ஆய்வொன்றில், இறந்தோரின் பாதங்களில் மரத்துண்டுகளைப் புதைத்து மீயொலியால் தேடினர். 5 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டுகளில் 93 விழுக்காட்டையும், 2.5 மில்லிமீட்டர் துண்டுகளில் 87 விழுக்காட்டையும் கண்டறிய முடிந்தது.

துருவியைப் பொருத்த வசதியில்லாத விரலிடுக்குகளைப் பார்ப்பதற்கு, பாதத்தை நீர் நிறைந்த தட்டில் அமிழ்த்தி, தோலைத் தொடாமல் சற்று மேலே துருவியைப் பிடித்துப் பார்க்கும் முறையும் உண்டு. காயத்தில் புகுந்த காற்று, தடித்த காய்ப்பு, பெருவிரலின் அடியிலுள்ள சிற்றெலும்புகள் ஆகியன பிழையான தோற்றத்தைத் தரலாம். ஆய்வாளரின் பயிற்சியைப் பொறுத்தே முடிவின் நம்பகத்தன்மை அமையும்.

ஏனைய முறைகள்

சி.டி. அலகீட்டில், புதிதாகத் தைத்த உலர்ந்த மரம் காற்றைப் போலக் கருமையாகத் தோன்றலாம். பின்னர் ஈரம் ஏற ஏற அதன் அடர்த்தி மாறும். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படிமத்தில், சிலாம்பு கருமையாகவும் சுற்றியுள்ள அழற்சி தெளிவாகவும் தெரியும். எலும்பு, மூட்டு ஆகியவை பாதிக்கப்பட்டனவா என அறிவதற்கு இது உதவும். உலோகத் துண்டு இருக்கலாம் என்ற ஐயம் இருப்பின், இதனைச் செய்வதற்கு முன்னர் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அகற்றும் முறைகள்

மேலோட்டமாகத் தைத்த சிலாம்பு

கைகளையும் காயத்தையும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். முனை வெளியே தெரிந்தால், தூய்மையாக்கிய இடுக்கியால் அதனைத் தோலுக்கு அருகில் பற்றி, அது நுழைந்த கோணத்திலேயே மெதுவாக இழுக்க வேண்டும். முனை தோலின் மேலடுக்குக்குள் மறைந்திருப்பின், தூய்மையாக்கிய ஊசியால் அதன் மேலுள்ள தோலை மட்டும் நீக்கி முனையை வெளிப்படுத்தலாம். பாதத்தை நெடுநேரம் நீரில் ஊறவைத்தல் நன்றன்று. மரம் நீரை உறிஞ்சிப் பருத்து, எளிதில் முறியும். எடுத்த பின்னர் மீண்டும் கழுவி, உலர்த்தி, மறைப்பிட வேண்டும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

- முனை தெரியாத, ஆழமான அல்லது முறிந்த சிலாம்பு
- மூட்டு, தசைநாண் ஆகியவற்றின் அருகில் தைத்திருத்தல்
- விரலை அசைக்க இயலாமை, மரத்துப் போதல்
- சீழ், பரவும் செந்நிறம், காய்ச்சல்
- நீரிழிவு நோய் அல்லது நோயெதிர்ப்புக் குறைவு உள்ளவர்
- ஓரிரு முறை முயன்றும் வெளிவராத நிலை

அறுவை முறை

உள்ளங்காலில் நேரடியாக ஊசியிடுதல் மிகுந்த வலி தருவதுடன், திசுவைப் பருக்கச் செய்து சிலாம்பின் இடத்தையும் மறைக்கும். எனவே கணுக்காலின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் செல்லும் நரம்பினருகே உணர்வகற்றி மருந்து செலுத்தி, உள்ளங்காலின் பெரும்பகுதியை உணர்விழக்கச் செய்வது வழக்கம். ஆழமான சிலாம்புக்கு, காலில் இறுக்குபட்டை கட்டிக் குருதியோட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்துவர். குருதி கசிந்தால் மரத்துக்கும் திசுவுக்கும் நிற வேறுபாடு தெரியாது என்பதே இதன் காரணம்.

மீயொலியால் சிலாம்பின் இரு முனைகளும் தோலின் மேல் குறிக்கப்படுகின்றன. மீயொலியைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைச் சிலாம்பைத் தொடும்வரை செலுத்தி, அதனை வழிகாட்டியாகக் கொண்டு வெட்டுவதும் உண்டு. நீளவாக்கில் கிடக்கும் சிலாம்பை ஒரு முனையைப் பற்றி இழுக்காமல், அதன் நீளம் முழுவதும் தோலைத் திறந்து எடுப்பதே பாதுகாப்பானது. இழுக்கும்போது நார்கள் உள்ளே தங்கிவிடுவது இதனால் தவிர்க்கப்படும். எடை தாங்கும் இடங்களில் உண்டாகும் தழும்பு வாழ்நாள் முழுவதும் வலி தரக்கூடும். எனவே குதிகாலிலும் விரல்களின் அடிமேட்டிலும் வெட்டின் இடமும் நீளமும் கருதித் தீர்மானிக்கப்படுகின்றன.

சிலாம்பை எடுத்த பின்னர் காயம் உப்புக்கரைசலால் நன்கு கழுவப்படும். எடுத்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்து முழுமையை உறுதி செய்வதும், மீண்டும் மீயொலியால் பார்ப்பதும் நல்ல நடைமுறைகள். அழுக்கடைந்த அல்லது சீழ் உள்ள காயத்தை உடனே தைத்து மூடுவதில்லை. குறித்த நேரத்துக்குள் சிலாம்பு கிடைக்காவிடில், தேடலை நிறுத்தி, தக்க படிமத்துடன் மீண்டும் முயல்வதே முறையாகும். நெடுநேரம் குருட்டாகத் தேடுவது நரம்புகளுக்கும் குருதிக்குழாய்களுக்கும் தீங்கு செய்யும்.

சிக்கல்கள்

இரணசன்னி: ஏற்புவலி எனவும் அழைக்கப்படும் இந்நோய், கிளாசுட்ரிடியம் டெட்டானி என்னும் பாக்டீரியாவால் உண்டாகின்றது. இப்பாக்டீரியா காற்றில்லாத இடத்தில் வளர்வது. ஆழமான, குறுகிய துளை அதற்கு ஏற்ற இடமாகும். அழுக்கான காயமாயின், இறுதியாகத் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மீண்டும் ஒருமுறை போடப்படும். முன்னர் முழுமையாகத் தடுப்பூசி பெறாதவர்களுக்கு நோயெதிர்ப்புப் புரதமும் தேவைப்படும்.

மூட்டு அழற்சியும் எலும்பழற்சியும்: மூட்டுறையைத் துளைத்த சிலாம்போ முள்ளோ, வாரங்கள் கழித்து மூட்டில் வீக்கத்தை உண்டாக்கலாம். பேரீச்சை முள்ளால் இவ்வாறு நிகழ்வது நன்கு அறியப்பட்டது. சிலாம்பு எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் எலும்பும் அரிக்கப்படக்கூடும்.

பூஞ்சைத் தொற்று: மண்ணிலுள்ள சில பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் முள் அல்லது சிலாம்பு ஏற்படுத்திய சிறு காயத்தின் வழியாக உட்புகுந்து மைசிட்டோமா என்னும் நாட்பட்ட நோயை உண்டாக்குகின்றன. பாதம் மெல்ல மெல்லப் பருத்து, பல துளைகளின் வழியாக மணிமணியான துகள்கள் வெளிப்படுவது இதன் அடையாளம். 1842 இல் மதுரையில் பணியாற்றிய கில் என்னும் மருத்துவர் இதனை விவரித்தார். இதனாலேயே இந்நோய்க்கு மதுரைப் பாதம் என்ற பெயர் உலகெங்கும் வழங்குகின்றது. மைசிட்டோமா என்ற பெயரை வான்டைக் கார்ட்டர் 1860 இல் வழங்கினார். உலக சுகாதார அமைப்பு 2016 இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சிலாம்பு தைத்தவர்களுள் மிகச் சிலருக்கே இந்நோய் வரும். எனினும் வலியின்றி நெடுநாள் நீடிக்கும் பாத வீக்கத்தில் இதனையும் கருத வேண்டும்.

வரலாறு

பண்டைய இந்திய மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை, உடலில் புகுந்த அயற்பொருளைச் சல்லியம் என அழைக்கின்றது. அறுவை மருத்துவத்துக்கே சல்லிய தந்திரம் என்று பெயர். மறைந்துள்ள சல்லியத்தை அறிவதற்கு, ஐயத்துக்குரிய இடத்தில் உறைந்த நெய்யையோ சந்தனக் குழம்பையோ பூசும் முறையை அந்நூல் கூறுகின்றது. அழற்சியின் வெப்பத்தால் நெய் உருகும் இடம், அல்லது குழம்பு விரைந்து உலரும் இடம், சல்லியம் உள்ள இடம் எனக் கொள்ளப்பட்டது. மரம், மூங்கில், புல் ஆகியவற்றாலான சல்லியங்களை எடுக்காவிட்டால் அவை குருதியையும் தசையையும் விரைந்து சீழ்ப்பிடிக்கச் செய்யும் எனவும் அந்நூல் வேறுபடுத்திக் கூறியுள்ளது.

தமிழர் வழக்கில் முள்ளையும் சிலாம்பையும் எடுக்கப் பயன்பட்ட சிறு கருவி முள்வாங்கி எனப்படும்.

வில்லெம் ரோண்ட்கன் 1895 இல் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். 1896 சனவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் சான் ஆல்-எட்வர்ட்சு, ஒருவரின் கையில் புதைந்த ஊசியை ஊடுகதிரால் படமெடுத்தார். அயற்பொருளைத் தேடுவது இவ்வாறு ஊடுகதிரின் முதற் பயன்களுள் ஒன்றானது. ஆனால் அங்கு தேடப்பட்டது உலோகம். மரத்தைப் பொறுத்தவரை அவ்வசதி, மீயொலிக் கருவிகள் பரவலான பின்னரே கிட்டியது.

தடுப்பு

மரவேலை நடைபெறும் இடங்களில் தடித்த அடிப்பகுதி கொண்ட காலணி அணிதல், மரத்தளங்களையும் படிகளையும் அவ்வப்போது இழைத்து மெருகிடுதல், உலுத்த பலகைகளை மாற்றுதல் ஆகியன பயன்தரும். நீரிழிவு நோயாளர் நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியின் உதவியுடன் பார்த்துக்கொள்வதும், வீட்டினுள்ளும் காலணி அணிவதும் பரிந்துரைக்கப்படுகின்றன. இரணசன்னித் தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுக்கொள்ளுதல் அனைவருக்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

- இரணசன்னி
- ஊடுகதிர்
- மீயொலி
- நீரிழிவு நோய்
- மைசிட்டோமா
- சுசுருத சங்கிதை